இரணியல் ஸ்டேஷன்: இரட்டைப் பாதை வேலை முடிவதற்குள் பழைய நினைவுகளைச் சேர்த்து வைப்போமா?

கண்டன்விளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் நம் இரணியலில் இறங்கினேன். மழை விட்டிருந்த நேரம். இரட்டைப் பாதைக்காக வெட்டிப் போட்ட செம்மண் எல்லார் செருப்பிலும் அப்பிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, இடுப்பில் காலிக் கடவத்தோடு நின்று அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டி, வழுக்கும், பார்த்துப் போங்க" என்றேன். அவர் திரும்பி, "மக்கா, நீ நிக்கிற எடம் எங்க விளையாக்கும். ஒரு அயனியும் ஏழு தெங்கும் நின்னுது" என்றார். (விளை என்றால் தோட்டம், அயனி பலா வகை மரம், தெங்கு தென்னை.)

பிறந்ததிலிருந்து இந்த ஸ்டேஷனைப் பார்க்கிறேன். இந்த இடத்தில் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

நமக்குத் தெரிந்த வரலாறு நாலு வரிதான். 1972ல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரல் 15ஆம் தேதி திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை திறந்தது. 1981 ஏப்ரல் 8ஆம் தேதி நாகர்கோவில் – திருநெல்வேலி பாதை திறந்தது. அவ்வளவுதான். நிலம் கொடுத்தவர்கள், மண் சுமந்தவர்கள், முதல் வண்டியைப் பார்த்தவர்கள் யாருடைய பேச்சும் எங்கேயும் பதிவாகவில்லை. அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

இரட்டைப் பாதை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வேலை முடியும்போது இந்த இடத்தின் முகம் மாறிவிடும். அதற்கு முன்னால் பழைய போட்டோ, அட்டை டிக்கெட், சீசன் பாஸ், நினைவுகள் எதுவானாலும் இங்கே போடுங்கள். பக்கத்து ஸ்டேஷன்களான பள்ளியாடி, வீராணி ஆளூர், குழித்துறைக்காரர்களும் வாருங்கள்.

வேணாட்டான்:

நல்ல முயற்சி தம்பி. ஒரு விஷயத்தை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். இரணியலில் பாரம்பரியம் என்று பேச ஆரம்பித்தால் முதலில் பேச வேண்டியது அரண்மனையைத்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்கு முந்திய காலத்தில் வேணாட்டு அரசர்கள் இருந்த இடம். அங்கே வசந்த மண்டபத்தில் கல் கட்டில் இருக்கிறது. கூரை சரிந்து சுவரில் ஆல் முளைத்துக் கிடந்த காலத்தில் நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் குளச்சலில்தான் 1741ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. 1860களில் வெட்டிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க நினைத்த திட்டம். அது பாதியில் நின்று இன்று பல இடங்களில் சாக்கடை போல ஓடுகிறது.

இவ்வளவு பழமை கேட்பாரில்லாமல் கிடக்கும்போது, 1979ல் கட்டிய ஒரு காங்கிரீட் கட்டடத்தைப் பாரம்பரியம் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

கண்டன்விளைக்காரன்:

அண்ணே, அரண்மனையைப் பற்றி நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் கட்டடத்தைச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் அழகு என்று ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நான் சொல்வது காத்திருப்பை. திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876ல். திருவனந்தபுரத்துக்கு, கொல்லம் வழியாக மீட்டர் கேஜ் (குறுகிய பாதை), 1918ல். இரண்டு பக்கமும் ரயில் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நாம் மட்டும் 1979 வரை பஸ்ஸை நம்பி இருந்தோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு 103 வருஷம் பிந்தி நமக்குக் கிடைத்தது. மன்னர் ஆட்சி போய், 1956 நவம்பர் 1ல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்து, அதற்கும் 23 வருஷம் கழித்து. இடையில் காமராஜரே 1969லிருந்து நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தார். அவர் கண்ணை மூடியது 1975ல், வண்டி ஓடியது அதற்கும் நாலு வருஷம் கழித்து. இவ்வளவு காத்திருந்து கிடைத்ததைப் பற்றிப் பத்துப் பேர் எழுதி வைக்காவிட்டால் எப்படி?

பழைய சீசன்:

நான் எழுதுகிறேன். எனக்கு 67 வயது. பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். செல்போனில் ஒரு விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதப் போனபோது ரயில் கிடையாது. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினால் சனி ராத்திரிதான் வீடு. ஆறு நாளும் கடைக்கு மேலே ஒரு அறையில் ஐந்து பேர் படுத்திருப்போம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தாலே பெரிது என்று இருந்தவர்களும் உண்டு.

முதல் வண்டி வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா சலவை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டார். எங்கள் பாட்டி ரயிலையே பார்த்ததில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு மெதுவாக இறங்கிப் போய் தண்டவாளத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "சூடா இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் சீசன் எடுத்தேன். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட ஆரம்பித்தேன். என் கல்யாணமும் அதற்குப் பிறகுதான். என் பிள்ளைகள் அப்பா முகம் பார்த்து வளர்ந்தார்கள் என்றால் அது அந்த சீசன் டிக்கெட்டால்தான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என்னோடு அந்த மாடி அறையில் படுத்திருந்தவர்களில் நாலு பேருக்கு இதே கதை.

ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராசிங்குக்காக வண்டி நிற்கும். எங்கே, எவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நேரத்தில் பெட்டிக்குள் சீட்டுக் கச்சேரி நடக்கும், சங்கக் கணக்கு நடக்கும், பெண் பார்க்கும் பேச்சும் நடக்கும். ஒருவர் தினமும் மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுப்பார். அவர் வராத நாளில் பெட்டியே என்னவோ போல் இருக்கும். ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் எட்டுப் பேர் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம், பதினாறாம் நாள் வரைக்கும் போய் வந்தோம்.

கடைசி சீசன் பாஸை பிளாஸ்டிக் உறையில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன். தேவை என்றால் தருகிறேன் தம்பி.

ரயில் கிறுக்கன்:

பாட்டா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

நான் வண்டிகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம் பாதை ஆரம்பத்திலிருந்தே பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை. ஆனால் மதுரை வழியாகச் சென்னை போகும் பாதை அப்போது மீட்டர் கேஜ். அதனால் 1981க்குப் பிறகும் நேராக மெட்ராஸ் போக முடியாது. திருநெல்வேலி வரைக்கும் போய், அங்கே வண்டி மாறி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். குமரியில் இருப்பவன் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் நேராகப் போகலாம், சொந்த மாநிலத் தலைநகருக்குப் போக முடியாது என்ற நிலை பல வருஷம் இருந்தது.

பெங்களூர் – கன்னியாகுமரி ஐலண்ட் எக்ஸ்பிரஸைப் பற்றியும் ஒன்று. விவேகானந்தர் பாறை கடலுக்குள் தீவு மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். அது கொச்சியின் வில்லிங்டன் தீவு. அந்த வண்டி பெங்களூரிலிருந்து அங்கே இருந்த கொச்சி துறைமுக ஸ்டேஷன் வரைக்கும் ஓடிய காலத்தில் வந்த பெயர். பின்னால்தான் தெற்கே நீண்டு நம் ஊருக்கு வந்தது. கன்னியாகுமரி ஸ்டேஷனின் குறியீடும் இதுபோல்தான், சி.ஏ.பி.இ., அதாவது கேப். கேப் கொமரின் என்ற பழைய பெயர் மேப்பில் போனாலும் டிக்கெட்டில் இருக்கிறது.

நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸும் இரணியல் பிளாட்பாரத்தைக் கடந்துதான் போகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அசாமின் தூசியோடு வரும் அந்தப் பெட்டிகளை நம் தென்னை மரங்களுக்கு நடுவில் பார்க்கும்போது எனக்கு இப்போதும் புல்லரிக்கும்.

நெய்யூர் அக்கா:

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838ல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் 1920களில் வந்து, மலையை விட்டுவிட்டு இங்கேயே வருஷக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தார். அந்தக் காலத்து நோயாளிகள் கட்டை வண்டியிலும் தூளியிலும் வந்ததாக மூத்த சிஸ்டர்கள் சொல்வார்கள். இன்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்க வருபவர்கள் பலர் இரணியலில் இறங்கித்தான் வருகிறார்கள். கதிர்வீச்சு என்றால் ஒருநாள் வேலை இல்லை, வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். தினமும் ரயிலில் வந்து போகும் ஆட்களை எனக்கு முகம் தெரியும். பஸ்ஸில் அந்தக் குலுக்கலை அவர்களால் தாங்க முடியாது. வண்டியில் கழிப்பறை இருக்கிறது, காலை நீட்டிக்கொள்ளலாம். டிக்கெட்டும் குறைவு.

ஆகையால் வண்டி நேரத்தைப் பற்றிப் பேசும்போது வேலைக்குப் போகிறவர்களை மட்டும் நினைக்காதீர்கள். ஒரு நிமிஷ நிறுத்தத்தில் ஒரு நோயாளியை இறக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். என் அம்மாவையே, மாவட்டத்தில் ஒரு சின்ன நிறுத்தத்தில், தாழ்ந்த பிளாட்பாரத்தில் இறக்கும்போது கால் தவறி முட்டி பெயர்ந்து மூன்று மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். அந்தப் படிக்கும் தரைக்கும் என் இடுப்பு உயரம் இருந்தது. புது பிளாட்பாரம் கட்டுகிறார்கள் அல்லவா, உயரத்தைச் சரியாகக் கட்டினாலே எனக்குப் போதும். நான் கேட்கும் பாரம்பரியம் அதுதான்.

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோவிலுக்கு இருமுடியோடு கேரளத்திலிருந்து வரும் அம்மாமார் கூட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அறுபது வயதுக்கு மேல்.

பள்ளியாடி:

நெய்யூர் அக்கா சொன்னதற்கு நூறு தடவை ஆமாம்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் எதிர்பார்ப்பவன் இல்லை நான். எங்களைப் போன்ற சின்ன ஸ்டேஷன்களுக்குப் பாசஞ்சர்தான் உயிர். கொரோனா காலத்தில் பாசஞ்சர்களை நிறுத்திவிட்டு, திரும்ப ஓடவிட்டபோது எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். பத்து ரூபாய் இருந்த குறைந்தபட்ச டிக்கெட் முப்பது ரூபாய். ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும் போக வர அறுபது ரூபாய் என்றால் என்ன மிஞ்சும்? 2024 பிப்ரவரியில்தான் திரும்பப் பத்து ரூபாய் ஆனது. அதற்குள் பழகிய ஆட்கள் பாதிப் பேர் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் வருமானம் குறைவு என்று கணக்கு வரும். வருமானம் குறைவு என்றால் நிறுத்தத்தில் கை வைக்கத் தோன்றும். இந்தச் சுழலில் சிக்கினால் ஒரு சின்ன ஸ்டேஷன் மெதுவாகச் செத்துப்போகும். அதனால் நான் எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: டிக்கெட் எடுத்து ஏறுங்கள், வெறுங்கையோடு ஏறாதீர்கள். அந்தப் பத்து ரூபாய்தான் நம் ஸ்டேஷனின் ஓட்டு.

பள்ளியாடிக்கு வருகிறவர்கள் பழையபள்ளி திருத்தலத்துக்கும் வாருங்கள். எல்லா மதத்துக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் இடம்.

தோவாளைப் பூ:

எல்லோரும் நினைவுகளைப் பேசுகிறீர்கள். வேரைப் பேசலாமா? நம் மாவட்டம் ஏன் ரயில்வே நிர்வாகத்தில் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது? அந்தக் கோட்டம் 1979 அக்டோபர் 2ல் மதுரைக் கோட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. நம் பாதை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மேலப்பாளையம் வரைக்கும் அவர்களிடம்தான். தமிழ்நாட்டுக்குள் ஓடும் வண்டி கேட்டால் நம் குரல் எடுபடுவதில்லை. மதுரையோடு சேர்த்தால்தான் விடிவு.

பழைய சீசன்:

தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மாவட்டத்தின் கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்களின் முகம் திருநெல்வேலி பார்த்தது. மேற்கே விளவங்கோடு, கல்குளம்காரர்களின் பிழைப்பு திருவனந்தபுரம் பார்த்தது. கோட்டம் எதுவாக இருந்தாலும் காலையில் என்னைப் போன்றவனைக் கடைத்தெருவில் கொண்டு விடும் வண்டி நிற்கக் கூடாது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தோவாளைப் பூ:

பாட்டா, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிர்வாகம் வேறு, வண்டி வேறு. கோட்டம் மாறினால் வண்டி நின்றுபோகும் என்று சொல்லித்தான் இந்தக் கோரிக்கையை எப்போதும் அமுக்குகிறார்கள். மதுரை – நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024ல் முடிந்துவிட்டது. பாதை தயாராக இருக்கிறது, பகல் நேர வண்டி கூடுதலாகக் கேட்கிறோம். இதைத் தனி இழையாகப் போடுகிறேன், இங்கே தடம் மாற்றவில்லை. மன்னிக்கவும்.

கேங் நம்பர் ஐந்து:

நான் தண்டவாளப் பராமரிப்பில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்டேஷனைப் பற்றி எல்லோரும் எழுதினீர்கள், பாதையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரணியலுக்கும் குழித்துறைக்கும் இடையில் பாதை பல இடங்களில் மேட்டை வெட்டி இறக்கிய பள்ளத்தில் போகிறது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர், மேலே ரப்பரும் வாழையும். வண்டியில் போகிறவர்களுக்கு அது குளிர்ச்சியான பச்சை. எங்களுக்கு அது பயம். தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு பருவமழை என்றால் நமக்கு இரண்டு. ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும். மண் காய்ந்து இறுகுவதற்கு நேரமே கிடையாது. 2021 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து, தண்ணீர் ஏறி, நாகர்கோவில் – திருவனந்தபுரம் வண்டிகளெல்லாம் நின்றது ஞாபகம் இருக்கும்.

மழைக் காலத்தில் ராத்திரி ரோந்து போவோம். ஒரு ஆளுக்கு ஒரு பீட், அதாவது அவன் நடந்து பார்க்க வேண்டிய தூரம். கையில் விளக்கு, சிவப்பு வெளிச்சம் காட்ட வழி, பையில் டெட்டனேட்டர், விசில், ஒரு நோட்டு. பீட் முடியும் இடத்தில் அடுத்த பீட் ஆள் வந்து நிற்பான், நோட்டை மாற்றிக்கொண்டு திரும்புவோம். அந்த ஆள் வரவில்லை என்றால் அவனைத் தேடி முன்னால் போக வேண்டும். வெட்டுப்பள்ளத்தில் நடக்கும்போது மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. சுவரிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்தால் பயப்பட மாட்டோம். கலங்கல் வடிந்தால் மண் உள்ளே கரைகிறது என்று அர்த்தம், அங்கேயே நின்று பார்ப்போம்.

பாதையில் மண் விழுந்து கிடந்தால் விளக்கை ஒரு பக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வண்டி வரும் பக்கம் ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர். 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் வெடிச் சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். நனைந்த ஜல்லியில், இருட்டில், 1200 மீட்டர் ஓடிப் பாருங்கள். நான் என் சர்வீஸில் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். இரண்டு முறையும் வண்டி நின்றது. பெட்டிக்குள் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வேலை நடக்கும் இடத்தில் புதுச் சுவர்களைப் பார்க்கும்போது மேலே தண்ணீர் போக வடிகால் விட்டிருக்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் போகிறது.

வேணாட்டான்:

நேற்று ராத்திரி ஐயாவின் பதிவைப் படித்தேன். என் முதல் பதிவில் 1979 காங்கிரீட் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஐயா, நேரில் வந்து உங்கள் பேச்சைப் பதிவு செய்யலாமா? என்னிடம் நல்ல ரெக்கார்டர் இருக்கிறது. கல்வெட்டு படியெடுக்க அலைந்த அதே காலோடு வருகிறேன்.

கேங் நம்பர் ஐந்து:

வாங்க. பழைய பீட் நோட்டு ஒன்று இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

ரயில் கிறுக்கன்:

குழித்துறை ஸ்டேஷனை அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்து 2025 மே மாதம் திறந்தார்கள். இரணியலில் அதுபோல் எதுவும் வருவதற்கு முன்னால், சேர்ப்பதையெல்லாம் ஒரு சின்ன ஆல்பமாகவாவது போட்டு வைத்தால் நன்றாக இருக்கும். ஸ்கேன் வேலையை நான் ஏற்கிறேன். பாட்டாவின் சீசன் பாஸை உறையிலிருந்து எடுக்காமலே ஸ்கேன் செய்து தருகிறேன்.

கண்டன்விளைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பாட்டியை இன்று கண்டுபிடித்துவிட்டேன். மார்க்கெட்டில் விசாரித்து வீட்டுக்கே போனேன். கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனியும் தந்தார். ரயிலுக்கு நிலம் எடுத்தபோது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். தெங்குகளுக்குக் கணக்குப் போட்டுப் பணம் தந்தார்களாம். அயனியை மட்டும் மாமனார் விடவில்லை. வெட்டிய தடியைப் பத்துப் பேர் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்து, மழையில் நனையாமல் ஓலை போட்டு ஒரு வருஷம் உலரவைத்து, அறுத்து வாசல் கதவு செய்தார். அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. மஞ்சள் போய்க் கருந்தவிட்டு நிறம் ஆகிவிட்டது. தாழ்ப்பாள் பக்கம் கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. திறக்கும்போது சத்தமே இல்லை.

கதவின் முன்னால் அவரை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தேன். "இதெ அங்க ஸ்டேஷன்ல மாட்டுவினுமா மக்கா?" என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டேஷனில் போய் மனு கொடுக்க இரண்டு பேராவது கூட வந்தால் நல்லது. சனிக்கிழமை காலை?

பழைய சீசன்:

நான் வருகிறேன். காலைப் பாசஞ்சர் வரும் நேரத்துக்குப் பிளாட்பாரத்தில் இருப்பேன். நடைமேடைச் சீட்டு எனக்கும் சேர்த்து எடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன்.